விழும் என்று எதிர்பார்த்தவர்களை வீழ்த்திய பத்திரங்கள்

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். அமெரிக்க அரசுக்குக் கடன் ஏகமாக ஏறிவிட்டது, அதன் பாண்டுகளின் விலை விழுந்தே தீரும், விழும் என்று பந்தயம் கட்டும் ஃபண்டு ஒன்றில் பணம் போடப் போகிறேன் என்கிறான். ஜப்பானில் இப்படிப் பந்தயம் கட்டியவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் தோற்றுக்கொண்டே இருந்தார்கள் என்றும், அதற்கு 'விடோமேக்கர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள் என்றும் படித்தேன். அவ்வளவு கடன் உள்ள அரசின் பத்திரம் விழாமல் எப்படி ஏறிக்கொண்டே போனது? விழும் என்று சொன்னவர்கள் எதில் தவறினார்கள்?
— வாசகி, ஈரோடு

பதில்: அம்மா, பெரிய நிதி நிறுவனங்களில் இருந்தவர்கள் பணத்தை இழந்த பிறகு கேட்டுக்கொண்ட கேள்வி இது. நீங்கள் பணம் போடுவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டீர்கள். படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஜப்பானை முதலில் பார்த்துவிட்டு, மகனின் ஃபண்டுக்கு வருகிறேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் மற்ற வாசகர்களுக்காக ஓர் அடிப்படை. அரசுப் பத்திரம் என்பது அடுத்தவருக்கு விற்கக்கூடிய ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி. ஆண்டுக்கு 8 ரூபாய் வட்டி தரும் 100 ரூபாய்ப் பத்திரம் உங்களிடம் இருக்கிறது. இன்று புதிதாக வரும் பத்திரம் 6 ரூபாய்தான் தருகிறது. உங்களுடையதை 100 ரூபாய்க்கே விற்பீர்களா? கூடுதலாகக் கேட்பீர்கள், கொடுக்கவும் ஆள் இருக்கும். ஆக, சந்தையில் வட்டி இறங்கினால் பழைய பத்திரத்தின் விலை ஏறும். வட்டி ஏறினால் விலை இறங்கும். இன்றைய விலைக்கு வாங்கி முதிர்வு வரை வைத்திருந்தால் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கிடைக்கும் என்ற கணக்குக்கு 'யீல்டு' என்று பெயர். பத்திர விலை விழும் என்று சொல்வதும் யீல்டு ஏறும் என்று சொல்வதும் ஒன்றுதான்.

இனி, விழும் என்று எப்படிப் பந்தயம் கட்டுவது? உங்கள் ஊர் கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போவோம். அடுத்த மாதம் மாட்டு விலை இறங்கும் என்று ஒருவர் கணக்குப் போடுகிறார். அவரிடம் மாடு கிடையாது. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஒரு கறவை மாட்டை இரவல் வாங்கி, சந்தையில் 60,000 ரூபாய்க்கு விற்றுவிடுகிறார். அடுத்த மாதம் அதே தரத்து மாட்டை 50,000 ரூபாய்க்கு வாங்கித் திருப்பிக் கட்டிவிட்டால் 10,000 ரூபாய் லாபம். 'ஷார்ட் செல்லிங்', அதாவது இரவல் வாங்கி விற்பது, இவ்வளவுதான்.

ஆனால் தோட்டத்துக்காரர் விவரமானவர். "மாடு என்னுடையது, அது கறக்கும் பாலும் என்னுடையது. நீ திருப்பிக் கொண்டுவந்து கட்டுகிற நாள்வரை பால் காசை எனக்குக் கொடுத்துவிடு" என்கிறார். நியாயம்தானே? இரவல் வாங்கியவர் கையில் மாடும் இல்லை, பாலும் இல்லை. ஆனாலும் விலை இறங்கும் நாள் வரும்வரை தினம் தினம் பால் காசு கட்டியாக வேண்டும். அரசுப் பத்திரமும் கறவை மாடுதான். அதை இரவல் வாங்கி விற்றவர், அது தரும் வட்டியை உரியவருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பால் காசை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பல முறை திரும்பி வரும்.

ஜப்பானுக்குப் போவோம். 1989 டிசம்பர் கடைசியில் டோக்கியோவின் நிக்கேய் பங்குக் குறியீடு 38,915 புள்ளிகளைத் தொட்டது, பிறகு சரிந்தது. நிலத்தின் விலையும் பின்னாலேயே சரிந்தது. 1990 இலையுதிர் காலத்தில் அந்நாட்டு அரசின் 10 ஆண்டுப் பத்திரம் 8 சதவீதம் யீல்டு தந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு பெரும்பாலும் இறக்கம்தான். 1998-ல் 1 சதவீதத்துக்கும் கீழே போனது. 2003 ஜூனில் 0.43 சதவீதம், 2016-ல் பூஜ்யத்துக்கும் கீழே. யீல்டு இறங்கிய இந்தக் காலம் முழுவதும் பத்திர விலை ஏறிக்கொண்டிருந்தது. அரசின் கடனும் ஏறிக்கொண்டேதான் இருந்தது. நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டிப் போனது. 1998 நவம்பரில் மூடிஸ் என்ற கடன் தரமதிப்பீட்டு நிறுவனம் ஜப்பானின் உச்சத் தரமதிப்பீட்டைப் பறித்தது. 2002 மே மாதம் இன்னும் இரண்டு படி இறக்கியது. ஒவ்வொரு முறையும் வெளிநாட்டில் ஒரு கூட்டம் "இதோ வந்துவிட்டது" என்று ஷார்ட் அடித்தது. பெரும்பாலும் பணம் போயிற்று. வீட்டுக்காரி தாலியைக் கழற்றும்படி ஆக்கிவிடும் பேரம் என்ற பொருளில்தான் அதற்கு 'விடோமேக்கர்' என்று பெயர் வந்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். தோற்றவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்ல. வீட்டுக் கணக்கை நாட்டுக்குப் போட்டார்கள், அவ்வளவுதான். ஆண்டு வருமானத்தைப் போல் இரண்டு மடங்கு கடன் வைத்திருப்பவர் மறுபடி கடன் கேட்டு வந்தால் நாம் என்ன செய்வோம்? வட்டியைக் கூட்டுவோம், அல்லது இல்லை என்று கைவிரிப்போம். அரசுக்கும் அப்படித்தானே நடக்க வேண்டும் என்பது அவர்கள் நினைப்பு.

சில அரசுகளுக்கு அப்படித்தான் நடக்கும். கிரேக்க நாடு யூரோவில் கடன் வாங்கியிருந்தது. யூரோவை அச்சிடும் அதிகாரம் ஏதென்ஸிடம் இல்லை. 2010-லிருந்து அதன் பத்திரங்கள் சரிந்தன. 2012-ல் கடன் கொடுத்தவர்கள் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனை அடைக்க முடியாது என்று அறிவித்ததும் டாலர் கையில் இல்லாததால்தான். கொழும்பால் டாலரை உண்டாக்க முடியாது.

ஜப்பான் கடன் வாங்கியது தன் சொந்த யென்னில். கொடுத்தவர்களும் பெரும்பாலும் ஜப்பானியர்களே: அந்நாட்டு வங்கிகள், அஞ்சலகச் சேமிப்பு, காப்பீட்டு நிறுவனங்கள், ஓய்வூதிய நிதிகள். யென்னை உண்டாக்குகிற பாங்க் ஆஃப் ஜப்பான், நம் ரிசர்வ் வங்கி மாதிரி, அதே ஊரில் இருக்கிறது. 2002 ஏப்ரல் இறுதியில் ஜப்பானின் நிதி அமைச்சகம் தரமதிப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரு கண்டனக் கடிதம் அனுப்பியது. வளர்ந்த நாடு ஒன்று தன் சொந்த நாணயத்தில் வாங்கிய கடனைத் திருப்பித் தராமல் போவது நினைத்துப் பார்க்க முடியாதது என்பது அதன் சாரம். அதை அனுப்பிய அதிகாரி ஹருஹிகோ குரோடா. இந்தப் பெயர் கீழே மறுபடி வரும்.

சரி, கடன் காரணமில்லை என்றால் யீல்டை எது தீர்மானிக்கிறது? 10 ஆண்டுப் பத்திரம் வாங்குகிறவர் தனக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறார். இதே பணத்தை மூன்று மாதம் மூன்று மாதமாகப் போட்டு, புதுப்பித்துக்கொண்டே போனால் பத்து ஆண்டில் என்ன கிடைக்கும்? மைய வங்கியின் குறுகிய கால வட்டி அடுத்த பத்து ஆண்டில் சராசரியாக எவ்வளவு இருக்கும் என்ற எதிர்பார்ப்பு, அதோடு பணத்தை நீண்ட காலம் முடக்குவதற்குக் கொஞ்சம் கூலி: யீல்டு என்பது இந்த இரண்டின் கூட்டல். குறுகிய கால வட்டியை மைய வங்கி எதைப் பார்த்து முடிவு செய்கிறது? முக்கியமாக விலைவாசியை. 1990-ல் 6 சதவீதமாக இருந்த பாங்க் ஆஃப் ஜப்பானின் வட்டி, 1995 செப்டம்பரில் 0.5 சதவீதமாகியிருந்தது. 1999 பிப்ரவரியில் பூஜ்யத்துக்கே கொண்டுவந்தார்கள். பொருள்களின் விலை ஏறவில்லை. பல ஆண்டுகள் இறங்கவும் செய்தது. அடுத்த பத்து ஆண்டும் வட்டி பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும் என்று நம்புகிற ஒரு வங்கி மேலாளருக்கு, 1 சதவீதம் தரும் அரசுப் பத்திரம் நல்ல சரக்கு.

இன்னொன்றும் நடந்தது. இதை நான் இந்தக் கதையின் மையமாகவே நினைக்கிறேன். நில விலைக் குமிழி வெடித்த பிறகு ஜப்பானிய நிறுவனங்கள் புதிதாகக் கடன் வாங்குவதை நிறுத்திவிட்டுப் பழைய கடனை அடைக்க ஆரம்பித்தன. மக்கள் சேமித்துக்கொண்டே இருந்தார்கள். வங்கிகளில் பணம் குவிந்தது, கேட்டு வர ஆள் இல்லை. அதே மந்தத்தால் அரசின் வரி வருமானம் சுருங்கி, செலவு கூடி, அரசு அதிகம் கடன் கேட்டது. வங்கியில் தேங்கிய பணம் அரசுப் பத்திரத்துக்குப் போனது. பெருகிய அரசுக் கடனும் படுத்துவிட்ட வட்டியும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். ஒரு அறிகுறி கூடினால் மற்றொன்று மறைந்துவிடும் என்று பந்தயம் கட்டியவர்கள் எப்படி ஜெயிக்க முடியும்?

காரணம் இது. ஆனால் காரணம் தெரியாமல் போனது மட்டும் இவ்வளவு நஷ்டத்தை விளக்காது. தவறாகக் கணித்துவிட்டுப் பேசாமல் இருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லையே. காத்திருந்த ஒவ்வொரு நாளும் இந்தப் பேரம் பணம் தின்றது. பால் காசுக்கு வருவோம்.

ஒரு 10 ஆண்டுப் பத்திரம், ஆண்டுக்கு 1 யென் வட்டி, விலை 100 யென் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவல் வாங்கி 100 யென்னுக்கு விற்றாகிவிட்டது. விற்ற பணத்தை வங்கியில் போட்டால் ஜப்பானில் வட்டி பூஜ்யம். ஆண்டு முடிவில் பத்திரக்காரருக்கு 1 யென் கொடுக்க வேண்டும். இதுவரை நஷ்டம் 1. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு செலவும் உண்டு. ஓர் ஆண்டு கழிந்ததும் அது 9 ஆண்டுப் பத்திரமாகிவிடுகிறது. காலம் குறைந்த பத்திரத்துக்குப் பொதுவாக யீல்டு குறைவு. 9 ஆண்டுக்கு 0.9 சதவீதம் என்று கொள்வோம். கணக்குப் போட்டால் அதன் விலை இப்போது 100.86. திருப்பிக் கொடுக்க வாங்கும்போது இந்த 0.86-ம் கைவிட்டுப் போகிறது. ஆக மொத்தம் 1.86 யென். சந்தையில் வட்டி ஒரு புள்ளிகூட அசையவில்லை, நாட்டில் எதுவுமே நடக்கவில்லை; சும்மா இருந்ததற்கு இந்தச் செலவு. இதைச் சந்தைக்காரர்கள் 'கேரி' என்பார்கள், சுமந்து நிற்கும் கூலி என்று பொருள். பத்து ஆண்டு நின்றால் என்ன ஆகும் என்று உங்கள் பழைய மாணவர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், நொடியில் போட்டுவிடுவார்.

யாரும் 100 யென்னுக்கு 100 யென் சொந்தப் பணம் வைத்து இந்தப் பேரம் செய்வதில்லை. ஜப்பானில் 1985 அக்டோபரிலிருந்தே 10 ஆண்டுப் பத்திரத்துக்கு ஃபியூச்சர்ஸ் சந்தை, அதாவது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசிக்கொள்ளும் சந்தை, இருக்கிறது. ஓர் ஒப்பந்தம் 10 கோடி யென் முகமதிப்புள்ள பத்திரத்துக்கு. 'மார்ஜின்' எனப்படும் முன்பணம் அதில் ஒரு சிறு பங்குதான். ஒருவர் 50 லட்சம் யென் மட்டும் வைத்து, 2 சதவீத வட்டியுள்ள 10 கோடி யென் பத்திரத்தை ஷார்ட் அடிக்கிறார் என்று வைப்போம். யீல்டு 2-லிருந்து 1.5 ஆகிறது. அரை சதவீதம் சின்ன அசைவாகத்தான் தெரியும். பத்திர விலையோ 100-லிருந்து 104.6-க்குப் போய்விடும். நஷ்டம் 46 லட்சம். முன்பணம் ஏறக்குறைய காலி. "மேலும் பணம் கட்டு, இல்லையென்றால் கணக்கை முடித்துவிடுவோம்" என்று தரகரிடமிருந்து அழைப்பு வரும். ஆறு மாதம் கழித்து யீல்டு 3 சதவீதம் ஆகி அவர் சொன்னது பலித்தாலும், அன்றைக்கு அவர் சந்தையில் இருக்க மாட்டார்.

"வட்டி பூஜ்யத்துக்குக் கீழே போகாதே, அதனால் நஷ்டத்துக்கும் ஓர் எல்லை உண்டுதானே" என்று பலர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். மேலே சொன்ன 2 சதவீதப் பத்திரம் யீல்டு பூஜ்யமானால் 120 யென் ஆகும். அதற்கு மேல் ஏற வழியில்லை என்பது அவர்கள் கணக்கு. 2016 ஜனவரி 29 அன்று பாங்க் ஆஃப் ஜப்பான் வட்டியை மைனஸ் 0.1 சதவீதம் என்று அறிவித்தது. மார்ச் முதல் தேதி நடந்த ஏலத்தில், அரசின் 10 ஆண்டுப் பத்திரம் வரலாற்றில் முதல் முறையாக மைனஸ் யீல்டில் விலை போனது. கடன் கொடுப்பவர், கொடுத்ததைவிடக் குறைவாகத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். அந்த ஜூலையில் யீல்டு மைனஸ் 0.3 சதவீதம் அளவுக்கு இறங்கியது. நம் பத்திரத்தின் விலை அந்தக் கணக்கில் 123-ஐத் தாண்டும். எல்லைக் கல் என்று நம்பியது இருந்த இடத்தில் இல்லை.

அப்போது பாங்க் ஆஃப் ஜப்பானின் கவர்னர் யார் தெரியுமா? 2002-ல் அந்தக் கடிதத்தை அனுப்பிய அதே குரோடாதான். 2013 மார்ச்சில் பதவிக்கு வந்தவர், ஏப்ரலிலேயே அரசுப் பத்திரங்களைப் பெருமளவில் வாங்கும் திட்டத்தை அறிவித்தார். 2016 செப்டம்பரில், 10 ஆண்டு யீல்டைப் பூஜ்யத்தை ஒட்டியே நிறுத்தி வைப்போம் என்றார். இந்த நிலையில் ஷார்ட் அடிப்பவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பது இன்னொரு வியாபாரி அல்ல. பணத்தையே உண்டாக்கும் நிறுவனம். வியாபாரிக்கு ஒரு கட்டத்தில் கையிருப்பு தீரும். மைய வங்கிக்குத் தன் நாணயத்தில் கையிருப்பு தீராது.

2022-ல் இந்த மோதல் வெளிப்படையாக நடந்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் வட்டியை ஏற்றுகின்றன, ஜப்பான் மட்டும் எத்தனை நாள் தாங்கும் என்று உலகெங்கும் உள்ள ஃபண்டுகள் ஷார்ட் அடித்தன. 0.25 சதவீதத்துக்கு மேல் யீல்டு போகவிட மாட்டோம், அந்த விலையில் எவ்வளவு கொண்டுவந்து கொட்டினாலும் தினமும் வாங்கிக்கொள்வோம் என்றது பாங்க் ஆஃப் ஜப்பான். அந்த ஜூன் மாதத்தில் மட்டும் சுமார் 16 லட்சம் கோடி யென்னுக்குப் பத்திரங்கள் வாங்கியது. சந்தை அடங்கியது. ஆனால் டிசம்பர் 20 அன்று, யாரும் எதிர்பாராத நேரத்தில், அந்த வரம்பை 0.5 சதவீதமாக ஏற்றியது. ஜூனில் தோற்று வெளியேறியவர்கள் நினைத்ததுதான் டிசம்பரில் நடந்தது. லாபம் கிடைத்தது அதுவரை தாக்குப்பிடித்தவர்களுக்கு.

அவர்களும் நிம்மதியாக இருக்கவில்லை. ஜனவரியில் அடுத்த ஏற்றம் வரும் என்று மறுபடி ஷார்ட் அடித்தார்கள். 2023 ஜனவரி 18 அன்று பாங்க் ஆஃப் ஜப்பான் எதையும் மாற்றவில்லை, 0.5-ல் இருந்த யீல்டு அன்றே 0.4-க்கும் கீழே விழுந்தது. அதற்குள் சில பத்திர வெளியீடுகளில் ஒரு விசித்திரம் உண்டாகியிருந்தது: வெளியிட்ட மொத்தத் தொகையைவிட அதிகமாகப் பாங்க் ஆஃப் ஜப்பானின் கணக்கில் இருந்தது. எப்படி என்று கேட்பீர்கள். ஷார்ட் அடிப்பவருக்கு இரவல் தர வேறு யாரிடமும் மாடு இல்லை. பாங்க் ஆஃப் ஜப்பானிடமே இரவல் வாங்கிச் சந்தையில் விற்றார்கள். வாங்கியவர் அதைக் கொண்டுபோய்ப் பாங்க் ஆஃப் ஜப்பானிடமே விற்றார். ஒரே மாடு ஒரே தொழுவத்துக்கு இரண்டு முறை கணக்கில் ஏறியது. பிப்ரவரியில் பாங்க் ஆஃப் ஜப்பான், அந்தப் பத்திரங்களுக்கான இரவல் கட்டணத்தின் குறைந்தபட்ச அளவை 0.25-லிருந்து 1 சதவீதமாக ஏற்றிவிட்டது. ஒருவரே பந்தயத்தின் எதிராளி, வரம்பு போடுபவர், மாட்டை இரவல் தருபவர், பால் காசு வசூலிப்பவர் எல்லாமாக இருக்கும் சந்தையில் நுழைவது எப்படிப்பட்டது என்று இதைவிடத் தெளிவாக எனக்குக் காட்டத் தெரியவில்லை.

ஷார்ட் அடித்தவர்கள் ஒருபோதும் ஜெயிக்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகும். 1998 இலையுதிர் காலத்தில் 1 சதவீதத்துக்குக் கீழே இருந்த யீல்டு சில மாதங்களில் 2 சதவீதத்தைத் தாண்டியது. 2003-ல் 0.43-லிருந்து மூன்றே மாதத்தில் 1.5-ஐத் தாண்டியது. அந்த மாதங்களில் பணம் பார்த்தவர்கள் உண்டு. அந்த வெற்றிதான் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு மற்றவர்களை உள்ளே இழுத்தது.

இப்போது நிலைமையே மாறிவிட்டது. 2024 மார்ச்சில் பாங்க் ஆஃப் ஜப்பான் மைனஸ் வட்டியையும் யீல்டு வரம்பையும் கைவிட்டது. 2025 மார்ச்சில் 10 ஆண்டு யீல்டு 1.5 சதவீதத்தைத் தாண்டியது. கடைசியில் விழும் என்றவர்கள் சொன்னது பலித்துவிட்டது அல்லவா? காரணத்தைக் கவனியுங்கள். ஜப்பானின் கடன் 2012-லும் மலைபோல்தான் இருந்தது, அப்போது யீல்டு ஏறவில்லை. 2022 ஏப்ரலிலிருந்து அங்கே விலைவாசி உயர்வு 2 சதவீதத்தைத் தாண்டி நின்றது; அதன் பின்னால் வட்டி ஏறியது. அமெரிக்காவிலும் 2022-ல் பத்திர விலை சரிந்தது விலைவாசி உயர்ந்து, அந்நாட்டு மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டிய நிலையிலிருந்து ஒரே ஆண்டில் 4 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனதால்தான். கடன் அளவைப் பார்த்துக் காத்திருந்தவருக்கு இந்தத் தேதி தெரிய வழியே இல்லை.

சொந்த நாணயத்தில் கடன் வாங்கும் நாட்டில் பளு முதலில் இறங்கும் இடம் பெரும்பாலும் நாணயம்தான். 2012 இலையுதிர் காலத்தில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 80 யென். 2024 நடுவில் 160. அந்த 2012 இறுதியில் 10 ஆண்டு யீல்டு 0.8 சதவீதத்தை ஒட்டி இருந்தது; 2013-லும் 2023-லும் சிறிது காலம் மேலே போய்வந்ததை விட்டால், அந்த அளவைத் தாண்டி நிற்க 2024 வரை ஆயிற்று. யென் விழும் என்று கருதி டாலரை வைத்திருந்தவருக்கு ஜப்பானைவிட அதிக வட்டியும் சேர்ந்து கிடைத்தது. அந்தப் பக்கம் மாடு அவருக்கே கறந்தது. ஜப்பான் மீது சந்தேகப்பட்டதில் தவறில்லை. பத்திரத்தின் மேல் பந்தயம் கட்டியதுதான் தவறு.

உங்கள் மகனின் நாட்டில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாண்டு உலகில் பெரிய பெயர் பில் கிராஸ். 20,000 கோடி டாலருக்கு மேல் இருந்த, பிம்கோ நிறுவனத்தின் டோட்டல் ரிட்டர்ன் ஃபண்டை நடத்தியவர். 2011 தொடக்கத்தில் அவர் அந்த ஃபண்டிலிருந்த அமெரிக்க அரசுப் பத்திரங்களை விற்றுத் தீர்த்தார். விலை விழும் என்பது அவர் வெளிப்படையாகச் சொன்ன கருத்து. ஆகஸ்ட் 5 அன்று ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் உச்சத் தரமதிப்பீட்டைக் குறைத்தது. அடுத்த திங்கட்கிழமை பங்குச் சந்தை 6 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. பயந்தவர்கள் அத்தனை பேரும் ஓடிப்போய் வாங்கியது எதை? தரம் குறைக்கப்பட்ட அதே அமெரிக்க அரசுப் பத்திரத்தை. ஆண்டுத் தொடக்கத்தில் 3.5 சதவீதத்தை ஒட்டி இருந்த யீல்டு செப்டம்பரில் 2-க்கும் கீழே போனது. அக்டோபரில் கிராஸ் தன் முதலீட்டாளர்களுக்குக் கடிதம் எழுதித் தவறை ஒப்புக்கொண்டார். உலகம் பயப்படும் நாளில் ஏறும் பொருள் அது. உங்கள் மகனின் வேலையும், பங்குகளில் போட்ட பணமும் ஆட்டம் காணும் அதே நாளில் அந்தப் பந்தயமும் நஷ்டமாகும்.

இனி அந்த ஃபண்டு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அது பத்திர விலையின் அன்றாட அசைவுக்கு எதிர்த்திசையில் ஓடும் வகை. சிலவற்றில் இரண்டு மடங்கு வேகத்தில். 'அன்றாட' என்ற சொல்லில்தான் பிடி இருக்கிறது. கணக்கு தெளிவாகத் தெரிய அசைவைப் பெரிதாக்கிச் சொல்கிறேன். பத்திரம் முதல் நாள் 100-லிருந்து 110 ஆகிறது. இரண்டாம் நாள் மறுபடி 100-க்கே வந்துவிடுகிறது. இரண்டு மடங்கு எதிர்த்திசை ஃபண்டு முதல் நாள் 20 சதவீதம் இழந்து 80 ஆகும். இரண்டாம் நாள் பத்திரத்தின் இறக்கம் 9.09 சதவீதம், ஃபண்டுக்கு அதைப் போல் இரண்டு மடங்கு ஏற்றம். 80 என்பது 94.5 ஆகும். பத்திரம் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது, ஃபண்டில் 5.5 குறைகிறது. விலை மேலும் கீழுமாக அலையும் சந்தையில் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பால் காசும் ஃபண்டு நடத்தும் கட்டணமும் தனி.

பத்திர விலை இறங்கும் என்று உங்கள் மகன் உறுதியாக நம்பினால் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. நீண்ட காலப் பத்திரங்களை வாங்காமல், அமெரிக்கக் கருவூலத்தின் மூன்று மாத பில்லில், அதாவது குறுகிய காலப் பத்திரத்தில், பணத்தை வைக்கட்டும். வட்டி ஏறினால் அடுத்த மூன்று மாதத்தில் ஏறிய வட்டிக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஏறாவிட்டால் கிடைத்த வட்டி கையில். யாருக்கும் பால் காசு கட்ட வேண்டாம், தரகரின் அழைப்பும் வராது. அந்த எதிர்த்திசை ஃபண்டு மாதக் கணக்கில் வைத்திருப்பதற்கானது அல்ல என்பது என் தீர்மானமான கருத்து. இப்படிப்பட்ட ஃபண்டுகளின் விளக்கக் குறிப்பிலேயே இலக்கு ஒரே ஒரு நாளுக்கானது என்று எழுதியிருப்பார்கள். பணம் போடும் முன் அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு முறை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள், அம்மா.